ஒரே ஆள், இரண்டு மரியாதை: வேலையிடத்தில் பாலினம் எப்படி இயங்குகிறது?

அமெரிக்காவில் ஒரு வழக்கறிஞர். சூசன் என்ற பெயரில் பெண்ணாக வேலை பார்த்துவந்தவர், பாலின மாற்றத்துக்குப் பிறகு தாமஸ் என்ற பெயரில் ஆணாக அதே அலுவலகத்தில் தொடர்ந்தார். கொஞ்ச காலம் கழித்து, அந்த அலுவலகத்தோடு தொடர்புடைய வேறொரு சட்ட நிறுவனத்தின் வழக்கறிஞர் தாமஸின் மேலதிகாரியிடம் பேசினார். சூசனை வேலையைவிட்டு அனுப்பியது நல்ல முடிவு, அவருக்குத் திறமை போதாது, ஆனால் புதிதாக வந்திருக்கும் ஆள் பிரமாதம் என்று பாராட்டினார். திறமை போதாத சூசனும் பிரமாதமான தாமஸும் ஒரே ஆள் என்பது பாவம், அவருக்குத் தெரியாது.

இந்தச் சம்பவத்தைப் பதிவு செய்தவர் கிறிஸ்டன் ஷில்ட் என்ற சமூகவியலாளர். சூசன், தாமஸ் என்பவை அவர் வைத்த மாற்றுப் பெயர்கள். ஷில்டின் ஆரம்பகால ஆய்வு வேறு திசையில் இருந்தது. 1990-களின் பங்க் இசைச் சூழலில் இளம்பெண்கள் கையால் எழுதி, நகலெடுத்துத் தங்களுக்குள் பரப்பிக்கொண்ட சிறு இதழ்களைப் பற்றித்தான் முதலில் எழுதினார். அப்புறம் லாஸ் ஏஞ்சலிஸில் உள்ள கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தில் 2006-ல் முனைவர் பட்டம் முடித்து, பின்னர் சிகாகோ பல்கலைக்கழகத்தில் பேராசிரியரானார். அவரைப் பலரும் அறிய வைத்தது திருநம்பிகளைப் பற்றிய ஆய்வுதான். பிறந்தபோது பெண் என்று பதியப்பட்டு, ஆணாக வாழ்பவர்கள் திருநம்பிகள். அவர்களிடம் அவர் கேட்ட கேள்வி ரொம்ப எளிது: முன்பு உங்களை எப்படி நடத்தினார்கள், இப்போது எப்படி நடத்துகிறார்கள்?

கேள்வி எளிதாக இருந்தாலும் அதற்குப் பின்னால் ஒரு பழைய சிக்கல் இருக்கிறது. ஷில்டின் ஆய்வு ஏன் இத்தனை பேசப்பட்டது என்பது புரிய அந்தச் சிக்கலிலிருந்து தொடங்குவதுதான் சரி.

எட்டு டாலர் எங்கே போனது?

அமெரிக்காவில் ஒரே வேலைக்கு ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே சம்பளம் தர வேண்டும் என்ற சட்டம் 1963-ல் வந்தது. அடுத்த ஆண்டே குடிமை உரிமைகள் சட்டம் வந்து, இனம், நிறம், மதம், பாலினம், பூர்விகம் பார்த்து வேலையில் பாகுபாடு காட்டக் கூடாது என்றது. ஆனாலும் வித்தியாசம் மறையவில்லை. ஃபிரான்சின் பிளாவ், லாரன்ஸ் கான் என்ற இரு பொருளாதார அறிஞர்கள் 2010-ம் ஆண்டின் விவரங்களை அலசினார்கள். முழுநேர வேலையில் இருக்கும் ஆண் ஒரு குறிப்பிட்ட நேரத்தில் 100 டாலர் சம்பாதித்தால், அதே நேரத்தில் பெண்ணுக்குக் கிடைத்தது ஏறக்குறைய 79 டாலர்.

இங்கேதான் தகராறு ஆரம்பம். “பெண்கள் படித்த படிப்பு வேறு, அனுபவம் குறைவு, தேர்ந்தெடுக்கும் தொழில் வேறு, அதனால்தான் சம்பளம் குறைவு” என்பது ஒரு தரப்பு. படிப்பு, பயிற்சி, அனுபவம் எல்லாம் மனிதர் தனக்குள் சேர்த்துவைக்கும் ஒருவகை மூலதனம், சம்பளம் அதற்குக் கிடைக்கும் பலன் என்ற பார்வை இது. இதை வளர்த்தெடுத்த கேரி பெக்கர் நோபல் பரிசு பெற்றவர். ஷில்ட் பிற்பாடு போய்ச் சேர்ந்த அதே சிகாகோ பல்கலைக்கழகத்தில்தான் அவரும் இருந்தார்.

பிளாவும் கானும் இந்தத் தரப்புக்கு உரிய மரியாதை கொடுத்தார்கள். படிப்பு, அனுபவம், தொழில், துறை, தொழிற்சங்கம் என்று அளக்கக்கூடிய எல்லாவற்றையும் சமப்படுத்திப் பார்த்தார்கள். 79 என்பது 92-க்குப் பக்கத்தில் வந்தது. மிச்சம் 8 டாலருக்குக் கணக்கு இல்லை. அது பாகுபாடு என்றார்கள் சிலர். இல்லை, உங்கள் கணக்கில் வராத ஏதோ ஒன்று இருக்கிறது, லட்சியம், பேரம் பேசும் துணிவு, குணம் என்று ஏதாவது இருக்கும் என்றார்கள் வேறு சிலர்.

இந்த வாதத்தைப் புள்ளிவிவரத்தால் முடித்துவைக்க முடியாது. எந்த ஆணை எந்தப் பெண்ணோடு ஒப்பிட்டாலும் அவர்கள் இரண்டு தனித்தனி மனிதர்கள். “இந்தப் பெண் ஆணாக இருந்திருந்தால்?” என்ற கேள்விக்குப் பதில் தெரிய அதே மனிதரை இரண்டு நிலையிலும் பார்த்தாக வேண்டும். வேலைக்கான விண்ணப்பங்களில் பெயரை மட்டும் மாற்றி அனுப்பிச் சோதிக்கும் ஆய்வுகள் உண்டு. அவை வாசற்படியில் நடப்பதைத்தான் அளக்கின்றன. உள்ளே போனபிறகு பல வருடம் கூட்டங்களிலும், பதவி உயர்விலும், டீ குடிக்கும் இடத்திலும் நடப்பதை விண்ணப்பக் காகிதம் காட்டாது.

திருநம்பிகளின் அனுபவம் இங்கேதான் வருகிறது. படிப்பு அதேதான். முன்அனுபவமும் அதேதான். பல நேரம் அலுவலகமும் மேசையும்கூட அதேதான். மற்றவர்கள் கண்ணுக்கு இவர் யார் என்பது மட்டும் மாறியிருக்கிறது.

இருபத்தொன்பது பேர் சொன்னது

2006-ல் வெளியான ஷில்டின் முதல் ஆய்வுக் கட்டுரை தெற்குக் கலிஃபோர்னியாவைச் சேர்ந்த 29 திருநம்பிகளோடு நடத்திய நீண்ட உரையாடல்களை வைத்து எழுதப்பட்டது. பிறகு டெக்சஸ் மாநிலத்திலும் பேட்டிகள் எடுத்து, திருநம்பிகளோடு வேலை செய்தவர்களிடமும் பேசி, 2010-ல் புத்தகமாக வெளியிட்டார். சிலர் அதே வேலையில் இருந்தபடியே எல்லோருக்கும் தெரிய மாறியவர்கள். வேறு சிலர் யாருக்கும் பழைய கதை தெரியாத புது இடத்தில் ஆணாகவே போய்ச் சேர்ந்தவர்கள்.

முதல் ஆய்வில் மூன்றில் இரண்டு பங்கு பேர், மாற்றத்துக்குப் பிறகு வேலையில் ஏதோ ஒரு அனுகூலம் கூடியது என்றார்கள். அது என்ன மாதிரி அனுகூலம் என்பதுதான் சுவாரசியம். சம்பளச் சீட்டில் தெரிகிற வகை அதில் ஒரு பகுதிதான். மற்றது பேச்சில் இருந்தது. முன்பு ஒரு யோசனை சொன்னால் எதிர்க்கேள்வி வரும், இப்போது அதையே சொன்னால் தலையாட்டுகிறார்கள். முன்பு ஒரு பொருள் வேண்டும் என்று நாலு தடவை கேட்க வேண்டும், இப்போது ஒரு தடவை போதும். அதே அளவு உழைப்புக்கு இப்போது பாராட்டு வருகிறது. முன்பு உடம்பைப் பற்றிய கிண்டலும் தொடுகையும் இருந்தன, அவை நின்றுபோயின. திறமை, மரியாதை, உடல் சார்ந்த நிம்மதி, பொருளாதார வாய்ப்பு என்று ஷில்ட் இவற்றைப் பிரித்துப் பார்க்கிறார்.

முன்பு பெண்ணாக இருந்தபோது இவர்களில் பலருக்கு அது பாகுபாடு என்றே பட்டதில்லை என்பதையும் சொல்ல வேண்டும். கூட்டத்தில் பேச்சைக் கேட்கவில்லையா, நான் சரியாகச் சொல்லவில்லை போல. பதவி உயர்வு கிடைக்கவில்லையா, என் சுபாவம் அப்படி. ஒவ்வொன்றுக்கும் தனக்குள்ளேயே ஒரு காரணம் வைத்திருந்தார்கள். தான் மாறாமல் எதிரே இருப்பவர் மாறியபோதுதான் பழையதைத் திரும்பிப் பார்த்தார்கள். ஆண்கள் மட்டும் இருக்கும்போது பெண் சக ஊழியர்களைப் பற்றி எப்படிப் பேசுகிறார்கள் என்பதையும் முதல் தடவையாகக் கேட்டார்கள். உள்ளே இருந்தபடியே வெளியாளின் கண்ணோடு பார்க்கும் நிலை என்று இதைச் சொல்லலாம். கறுப்பினப் பெண்ணிய அறிஞர் பட்ரீஷியா ஹில் காலின்ஸ் வேறொரு சூழலுக்காக உருவாக்கிய கருத்து அது, ஷில்ட் அதை இங்கே பயன்படுத்தினார்.

சரி, அப்படியென்றால் ஆணாகத் தெரிந்தால் போதுமா, எல்லாம் கிடைத்துவிடுமா? இந்த இடத்தில்தான் ஆய்வு எனக்கு ரொம்பப் பிடிக்கிறது, ஏனென்றால் அது எளிதான பதிலோடு நின்றுவிடவில்லை. அனுகூலம் அதிகம் கிடைத்தது உயரமான வெள்ளையின ஆண்களாகத் தெரிந்தவர்களுக்கு. குட்டையாக இருந்தவர்களுக்குக் குறைவு. ஹார்மோன் சிகிச்சையின் தொடக்கத்தில் முப்பது வயதுக்காரர்கூடப் பதினாறு வயதுப் பையன் மாதிரி தோன்றுவது உண்டு. அப்படித் தோன்றுபவரைச் சின்னப் பையனாகத்தான் நடத்துவார்கள். கறுப்பினத் திருநம்பிகளின் அனுபவம் இன்னும் வேறு. பெண்ணாக இருந்தபோது எரிச்சல் மூட்டும் கறுப்புப் பெண் என்று பார்க்கப்பட்ட ஒருவர், ஆணாக மாறியதும் பயமுறுத்தும் கறுப்பு ஆண் ஆகிவிட்டார். ஆசிய வம்சாவளியினரை முழு ஆண்மை இல்லாதவர்களாகப் பார்க்கும் அமெரிக்க வழக்கமும் வந்து குறுக்கே நின்றது. ஆண் என்ற ஒற்றைச் சொல்லுக்குள் பல படிகள் இருக்கின்றன, எல்லாப் படியிலும் ஒரே கூலி இல்லை.

இதற்குச் சமூகவியல் சொல்லும் காரணம்

ஷில்டின் வேலைக்கு அடித்தளமாக இருப்பது 1987-ல் கேண்டஸ் வெஸ்ட், டான் சிம்மர்மன் இருவரும் எழுதிய ஒரு கட்டுரை. பாலினம் என்பது நமக்குள் இருக்கும் ஒரு பொருளல்ல, நாம் மற்றவர் முன்னால் விடாமல் செய்துகொண்டே இருக்கும் ஒரு செயல் என்பது அவர்கள் வாதம். கல்யாண வீட்டில் யாரும் உத்தரவு போடாமலே அண்டா தூக்க ஆண்களும், வந்தவர்களுக்குச் சந்தனம் குங்குமம் கொடுக்கப் பெண்களும் போய் நிற்பார்கள். மாற்றி நின்றால் கேள்வி வரும். அந்தக் கேள்வி வரும் என்பது எல்லோருக்கும் தெரியும், அதனாலேயே யாரும் மாற்றி நிற்பதில்லை. “செய்வது” என்று அவர்கள் சொன்னதில் இந்தக் கணக்குக் கேட்கும் பகுதிதான் முக்கியம். பலர் அதை வெறும் நடிப்பு என்று புரிந்துகொள்கிறார்கள், அது சரியல்ல.

அந்தக் கட்டுரைக்கும் ஒரு முன்கதை உண்டு. 1958-ல் ஆக்னஸ் என்ற மாற்றுப் பெயரால் அறியப்படும் பத்தொன்பது வயதுப் பெண் லாஸ் ஏஞ்சலிஸில் உள்ள அதே கலிஃபோர்னியா பல்கலைக்கழக மருத்துவர்களிடம் வந்தார். பையனாக வளர்க்கப்பட்டவர், ஆனால் பருவ வயதில் உடம்பு தானாகவே பெண்ணுடம்பாகிவிட்டது என்றார். அவர்கள் நம்பி, 1959-ல் அறுவை சிகிச்சை செய்தார்கள். சமூகவியலாளர் ஹெரால்ட் கார்ஃபிங்கல் அவரோடு பல மணி நேரம் பேசி, ஒருவர் நாள்தோறும் பெண்ணாக ஏற்கப்படுவதற்கு எவ்வளவு வேலை பார்க்க வேண்டியிருக்கிறது என்று எழுதினார். பல வருடம் கழித்துத்தான் ஆக்னஸ் உண்மையைச் சொன்னார்: பன்னிரண்டு வயதிலிருந்தே அம்மாவுக்கு மருத்துவர் எழுதிக் கொடுத்த ஹார்மோன் மாத்திரையை எடுத்துச் சாப்பிட்டு வந்திருக்கிறார். உண்மையைச் சொன்னால் சிகிச்சை கிடைக்காது என்பது அந்தச் சிறுபெண்ணுக்குத் தெரிந்திருந்தது. கெட்டிக்காரி. பிற்காலத்தில் ஷில்ட், திரைப்பட இயக்குநர் சேஸ் ஜாயிண்டோடு சேர்ந்து கார்ஃபிங்கல் விட்டுச்சென்ற கோப்புகளைத் தேடி, ஆக்னஸ் மட்டும் அல்ல, அதே காலத்தில் பேசிய வேறு திருநர்களின் (திருநம்பிகள், திருநங்கைகள் எல்லோருக்கும் பொதுவான சொல்) உரையாடல்களையும் வெளியே கொண்டுவந்தார்.

இப்போது அலுவலகத்துக்குத் திரும்புவோம். ஒருவர் தன் பாலினத்தை வெளிப்படையாக மாற்றிக்கொண்டால், ஆண் பெண் என்ற பிரிவினையே ஆட்டம் காணும் என்றுதானே எதிர்பார்ப்போம்? ஷில்ட் பார்த்தது வேறு. பல இடங்களில் திருநம்பிகளைச் சக ஆண்கள் ஒருவித உற்சாகத்தோடு தங்கள் கூட்டத்தில் சேர்த்துக்கொண்டார்கள். முதுகில் தட்டினார்கள். கனமான பெட்டியைத் தூக்கக் கூப்பிட்டார்கள். பெண் ஊழியர்களும் அப்படியே, பாரம் தூக்கும் வேலைக்கு இவரைத் தேடினார்கள். ஷில்டும் லாரல் வெஸ்ட்புரூக்கும் 2009-ல் சேர்ந்து எழுதிய கட்டுரை இந்தச் சின்னச் சடங்குகளை விரிவாகப் பேசுகிறது.

அன்பான வரவேற்புதான், மறுப்பதற்கில்லை. ஆனால் அந்த வரவேற்பு எந்த நிபந்தனையில் வந்தது என்று பாருங்கள். ஆணும் பெண்ணும் இயற்கையிலேயே வேறு வேறு, இவர் இவ்வளவு நாள் தப்பான பக்கத்தில் நின்றிருந்தார், இப்போது சரியான பக்கம் வந்துவிட்டார், அவ்வளவுதான். கோடு கோடாகவே இருக்கிறது, ஆள் மட்டும் இடம் மாறினார். ஒரே மனிதருக்கு இரண்டுவித மரியாதை கிடைத்ததைக் கண்முன்னால் பார்த்தவர்கள்கூட, அதை ஹார்மோன் என்றும் இயற்கை என்றும் விளக்கிக்கொண்டார்கள். சமத்துவமின்மை ஏன் இத்தனை பிடிவாதமாக நிற்கிறது என்பதற்கு ஷில்ட் சொல்லும் காரணம் இதுதான். சான்று கண்ணெதிரே வந்து நின்றாலும் அதை விழுங்கிக்கொள்ளும் நம்பிக்கை அது.

எதிர்த்திசையில் போகும் திருநங்கைகளுக்கு இந்த முதுகுத் தட்டல் கிடையாது. ஷில்டும் பொருளாதார அறிஞர் மேத்யூ விஸ்வாலும் 2008-ல் வெளியிட்ட ஆய்வில், மாற்றத்துக்குப் பிறகு திருநம்பிகளின் சராசரி வருமானம் லேசாகக் கூடியிருந்தது. திருநங்கைகளின் சராசரி வருமானம் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு சரிந்திருந்தது. சின்ன மாதிரிதான், திருநர் மாநாடுகளுக்கு வந்தவர்களிடம் எடுத்த கணிப்பு. அதனால் எண்ணைக் கல்வெட்டாக எடுத்துக்கொள்ளக் கூடாது. ஆனால் திசை தெளிவு. நெதர்லாந்தில் அரசாங்கப் பதிவுகளை வைத்து 2018-ல் வெளிவந்த ஆய்வும் கிட்டத்தட்ட இதையே சொன்னது: ஆணிலிருந்து பெண்ணாகப் பதிவு மாற்றியவர்களின் வருமானம் குறைந்தது, பெண்ணிலிருந்து ஆணாக மாற்றியவர்களுக்கு மாற்றம் ஏதும் இல்லை.

மாற்றம் இல்லை என்பதைக் கவனமாகப் படிக்க வேண்டும். திருநர் என்பதற்காகவே வரும் இழப்பு இரு பக்கமும் இருக்கும். திருநம்பிகளுக்கும் வேலை போயிருக்கிறது, கேலி இருந்திருக்கிறது. அந்த இழப்பையும் மீறி வருமானம் குறையவில்லை என்றால், ஆணாகப் பார்க்கப்படுவதன் அனுகூலம் அதை ஈடுகட்டியிருக்கிறது என்று பொருள் கொள்ளலாம். திருநங்கைகளுக்கு இரண்டு இழப்பும் ஒரே பக்கம் சேர்ந்துவிடுகின்றன, அவற்றில் எது எவ்வளவு என்று பிரிப்பது கடினம்.

“டெஸ்டோஸ்டிரோன் என்ற ஆண் ஹார்மோன் எடுத்தால் ஆளே மாறிவிடுகிறாரே, தன்னம்பிக்கை கூடியதால் மரியாதை கூடியிருக்கலாமே” என்று ஒருவர் கேட்கலாம். நியாயமான கேள்வி. தனக்குப் பிடித்த உடலில் வாழ்பவர் மகிழ்ச்சியாக வேலை செய்வார் என்பதும் உண்மைதான். ஆனால் அதே மகிழ்ச்சி திருநங்கைக்கும் உண்டு, அவர் சம்பளம் ஏன் இறங்கியது? அப்புறம், ஏற்கனவே செய்து முடித்த வேலை மறுபடி மதிப்பிடப்படும்போது ஹார்மோன் எங்கே வருகிறது? ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தில் நரம்பியல் அறிஞராக இருந்த பென் பாரஸ் ஒரு திருநம்பி. அவர் கருத்தரங்கில் பேசி முடித்ததும், இவருடைய ஆராய்ச்சி இவருடைய சகோதரியின் ஆராய்ச்சியைவிட எவ்வளவோ மேல் என்று ஒருவர் சொன்னாராம். சகோதரி என்று அவர் நினைத்தது மாற்றத்துக்கு முந்தைய பாரஸையே. பெண்களுக்கு அறிவியலில் இயல்பான திறன் குறைவாக இருக்கலாம் என்று அப்போதைய ஹார்வர்டு பல்கலைக்கழகத் தலைவர் லாரன்ஸ் சம்மர்ஸ் 2005-ல் பேசியதற்குப் பதிலாக, 2006-ல் பாரஸ் இதை எழுதினார்.

நீதிமன்றம் அதே கேள்வியைக் கேட்டபோது

சமூகவியலில் ஷில்ட் செய்ததற்கும் அமெரிக்க நீதிமன்றங்கள் கடைசியில் வந்து சேர்ந்த தர்க்கத்துக்கும் ஒரு ஒற்றுமை இருக்கிறது. இரண்டுமே “இந்த மனிதரிடம் பாலினத்தை மட்டும் மாற்றிப் பார்; முடிவு மாறுகிறதா?” என்றுதான் கேட்கின்றன. ஆனால் நீதிமன்றங்கள் அங்கே வந்துசேர ரொம்ப நாள் ஆனது.

கேரன் யூலேன் வியட்நாம் போரில் பறந்த ராணுவ விமானி, 1968 முதல் ஈஸ்டர்ன் ஏர்லைன்ஸில் வேலை பார்த்தவர். பெண்ணாக மாறியதும் 1981-ல் வேலை போனது. விசாரணை நீதிபதி அவர் பக்கம் நின்றார். சிகாகோவிலிருந்து இயங்கும் மேல்முறையீட்டு நீதிமன்றம் 1984-ல் அதைத் தூக்கி எறிந்தது. குடிமை உரிமைகள் சட்டம் பாதுகாப்பது ஆண்களை ஆண்கள் என்பதற்காகவும், பெண்களைப் பெண்கள் என்பதற்காகவும் தண்டிப்பதிலிருந்துதான், பாலினம் மாறியவருக்கு அதில் இடமில்லை என்றது.

அடுத்த திருப்பம் திருநர் அல்லாத ஒரு பெண்ணிடமிருந்து வந்தது. ஆன் ஹாப்கின்ஸ், பிரைஸ் வாட்டர்ஹவுஸ் கணக்கு நிறுவனத்தில் மேலாளர். அரசின் வெளியுறவுத் துறையிலிருந்து சுமார் 2.5 கோடி டாலர் ஒப்பந்தத்தைப் பெற்றுத் தருவதில் பெரும் பங்கு அவருக்கு. 1982-ல் பங்குதாரர் பதவிக்குப் பரிந்துரைக்கப்பட்ட 88 பேரில் அவர் ஒருவர்தான் பெண். கிடைக்கவில்லை. இன்னும் பெண்மையாக நடக்கவும், பேசவும், உடுத்தவும் வேண்டும், முகப்பூச்சு போட வேண்டும், நகை அணிய வேண்டும் என்று அறிவுரை வந்தது. அடாவடியாக இருக்கிறார் என்பது குற்றச்சாட்டு. அதே அடாவடி ஓர் ஆணிடம் இருந்திருந்தால் அதற்கு ஆளுமை என்று பெயர் வைத்திருப்பார்கள். ஒருவர் தன் பாலினத்துக்கு உரிய எதிர்பார்ப்புக்குள் அடங்கவில்லை என்பதற்காகத் தண்டிப்பதும் பாலினப் பாகுபாடுதான் என்று உச்ச நீதிமன்றம் 1989-ல் சொன்னது. வெஸ்ட்டும் சிம்மர்மனும் இரண்டு வருடம் முன்பு எழுதிய கணக்குக் கேட்டல் அச்சு அசலாக இந்த வழக்கில் இருக்கிறது.

அந்தத் தீர்ப்பைப் பிடித்துக்கொண்டு திருநர் வழக்குகள் மெல்ல நகர்ந்தன. எனக்கு மிகவும் பிடித்தது 2008-ல் வந்த ஒரு கீழமை நீதிமன்றத் தீர்ப்பு. ராணுவச் சிறப்புப் படையில் கர்னலாக இருந்து ஓய்வு பெற்ற டயான் ஷ்ரோயர், நாடாளுமன்ற நூலகத்தில் பயங்கரவாத ஆய்வாளர் பணிக்குத் தேர்வானார். தான் பெண்ணாக மாறப்போவதைச் சொன்ன மறுநாள் அந்த வாய்ப்பு திரும்பப் பெறப்பட்டது. நீதிபதி ஜேம்ஸ் ராபர்ட்சன் மதத்தை உதாரணம் காட்டினார். ஒரு முதலாளி, “எனக்குக் கிறிஸ்தவர்மீதும் பகை இல்லை, யூதர்மீதும் பகை இல்லை, மதம் மாறியவர்களைத்தான் பிடிக்காது” என்று சொல்லி ஒருவரை நீக்கினால் அது மதப் பாகுபாடு இல்லை என்று யாராவது சொல்வார்களா? பாலினத்துக்கும் அதே கதைதான். இருபத்து நான்கு வருடத்துக்கு முந்தைய யூலேன் தீர்ப்பின் தர்க்கம் இந்த ஒரு உதாரணத்தில் கரைந்துபோகிறது.

முழு நாட்டுக்குமான பதில் 2020 ஜூன் 15 அன்று உச்ச நீதிமன்றத்திலிருந்து வந்தது. மூன்று வழக்குகள் ஒன்றாக விசாரிக்கப்பட்டன. அவற்றில் ஒன்று மிச்சிகனில் ஓர் ஈமச்சடங்கு நிறுவனத்தில் வேலை பார்த்த எய்மி ஸ்டீஃபன்ஸ் என்ற திருநங்கையுடையது. இனிப் பெண்ணாக வேலைக்கு வருவேன் என்று கடிதம் கொடுத்ததற்கு வேலை போனது. தீர்ப்பு வருவதற்கு ஒரு மாதம் முன்பு, மே 12 அன்று அவர் இறந்துவிட்டார். 6-க்கு 3 என்ற கணக்கில் தீர்ப்பு அவர் பக்கம் வந்தது. எழுதியவர் பழமைவாதியாக அறியப்பட்ட நீதிபதி நீல் கோர்சச். பிறப்பில் பெண் என்று பதியப்பட்ட ஒருவர் பெண்ணாக வேலைக்கு வந்தால் முதலாளிக்கு ஆட்சேபம் இல்லை, பிறப்பில் ஆண் என்று பதியப்பட்டவர் அதையே செய்தால் நீக்குகிறார். அப்படியென்றால் நீக்கியதற்குக் காரணம் பாலினம்தானே? ஒன்றை மட்டும் மாற்றிப் பார்க்கும் அதே சோதனை. நீதிபதி அதைக் கற்பனையில் செய்தார். ஷில்டிடம் பேசியவர்கள் அதை வாழ்ந்து பார்த்திருந்தார்கள்.

கோர்சச் ஒரு வேலியையும் போட்டார். கழிப்பறை, உடை மாற்றும் அறை, உடைக் கட்டுப்பாடு போன்றவற்றைப் பற்றி இங்கே எதுவும் முடிவு செய்யவில்லை என்று வெளிப்படையாக எழுதினார். ஷில்டும் வெஸ்ட்புரூக்கும் 2014-ல் எழுதிய கட்டுரையைப் படித்தவர்களுக்கு இந்த வேலி ஆச்சரியம் தந்திருக்காது. வேலை உரிமைச் சட்டங்கள், விளையாட்டுப் போட்டிகளில் யார் சேரலாம் என்ற விதிகள், பிறப்புச் சான்றிதழில் பாலினத்தை மாற்ற அறுவை சிகிச்சை கட்டாயமா என்று 2006-ல் நியூயார்க் நகரில் நடந்த விவாதம் ஆகிய மூன்றையும் அவர்கள் எடுத்துக்கொண்டார்கள். யார் ஆண், யார் பெண் என்று சமூகம் எந்த அளவுகோலால் முடிவு செய்கிறது என்பது கேள்வி.

அவர்கள் கண்டது, அளவுகோல் ஒன்றல்ல. ஆணும் பெண்ணும் கலந்து இருக்கும் இடத்தில், அலுவலக மேசை மாதிரி, ஒருவர் தன்னை யார் என்று சொல்கிறாரோ அதை ஏற்பதில் பலருக்குப் பெரிய சங்கடம் இல்லை. பாலினவாரியாகப் பிரிக்கப்பட்ட இடம் வந்தவுடன் பேச்சு உடம்புக்குத் தாவுகிறது. அதிலும் எல்லாப் பிரிந்த இடத்துக்கும் இல்லை, பெண்களுக்கு மட்டுமான இடத்துக்குத்தான். விவாதங்களில் பயம் எல்லாம் திருநங்கைகளைச் சுற்றியே இருந்தது. ஆண்கள் கழிப்பறைக்குத் திருநம்பி வருவதைப் பற்றிக் கிட்டத்தட்ட யாரும் கவலைப்படவில்லை. பெண்கள் எப்போதும் பலவீனர்கள், ஆணுடம்பு எப்போதும் ஆபத்து என்ற பழைய எண்ணம்தான் இந்தப் பதற்றத்துக்கு அடியில் இருக்கிறது என்று அவர்கள் வாதிட்டார்கள். பாதுகாப்பைப் பற்றிய பெண்களின் கவலை எல்லாமே இப்படித்தான் என்று சொல்ல முடியுமா என்று எனக்கு ஒரு தயக்கம் உண்டு. ஆனால் அந்தக் கவலை எந்தக் கதவருகே மட்டும் எழுகிறது என்பதை இவர்கள் அளவுக்குத் துல்லியமாகக் காட்டியவர்கள் குறைவு.

2025 ஜனவரி 20 அன்று, பதவியேற்ற முதல் நாளே, அதிபர் டிரம்ப் பாலினம் என்பது மாற்ற முடியாத இரண்டே உயிரியல் வகை என்று கூட்டாட்சி அரசுக்கு ஆணையிட்டார். அடுத்த மாதம், பணியிடப் பாகுபாட்டுப் புகார்களைக் கவனிக்கும் அமெரிக்கச் சம வேலைவாய்ப்பு ஆணையம், திருநர் ஊழியர்களுக்காகத் தானே தொடுத்திருந்த சில வழக்குகளைக் கைவிட நீதிமன்றத்தை நாடியது. 2020-ம் ஆண்டுத் தீர்ப்பு ரத்தாகவில்லை. வேலையைவிட்டு நீக்கப்பட்ட திருநர் ஒருவர் தன் செலவில் வழக்குப் போட இன்றும் சட்டம் இடம் தருகிறது. வேலையில் இருந்துகொண்டே எந்தக் கழிப்பறைக்குப் போகலாம் என்ற கேள்விதான் கீழமை நீதிமன்றங்களில் இன்னும் இழுபறியில் கிடக்கிறது.